கை விறைச்சுப் போச்சு

அன்புள்ள ஐயா,

மகள் எம்.பி.பி.எஸ். முடித்து உள்ளகப் பயிற்சியில் இருக்கிறாள். நரம்பியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அமெரிக்காவில் என் அக்காவின் மகன் அதே பயிற்சியில் இருக்கிறான், நாலு வருஷம்தானாம். இங்கே அதை எப்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள்? ஏன் இவ்வளவு காலம் இழுக்கிறது? விண்ணப்பம் எப்போது? மட்டக்களப்பில் இருந்து அவள் என்னத்தைப் பழகப்போகிறாள், எங்கட சனத்துக்குத் தங்கட வருத்தத்தை ஒழுங்காகச் சொல்லவும் தெரியாதே. அவளையும் அங்கே அனுப்பினால் என்ன?

க., கல்லடி

அன்புள்ள க.,

நாலு வருஷம் சரிதான். அதில் முதல் வருஷம் பெரும்பாலும் பொது மருத்துவம். மிச்ச மூன்றில் வார்ட், கிளினிக், 3 மாதம் சிறுவர் நரம்பியல், ஒரு மாதம் மனநலம் எல்லாம் அடக்கம். கிழமைக்குச் சராசரியாக 80 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று விதியும் உண்டு. அதுவே ஒரு சலுகை என்றால் மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். இங்கே எல்லாம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கையில். தேர்வு எழுதி உள்ளே போய், ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி டாக்டராக, வேலை செய்துகொண்டே படித்து, பொது மருத்துவத்தில் எம்.டி. எடுத்து, அதன்பிறகுதான் நரம்பியலில் சீனியர் ரெஜிஸ்ட்ரார். கடைசியில் வெளிநாட்டில் ஒரு வருஷமாவது இருந்துவிட்டு வரவேண்டும். நீளம்தான். நீளட்டும். அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது, சனத்துக்கு வருத்தத்தைச் சொல்லத் தெரியாது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காக. கல்லடிப் பாலத்தடியில் காற்று வாங்கிக்கொண்டு எழுதிய வரி போலிருக்கிறது. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மா படுவான்கரைக்காரி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். நான் சொல்வது அதற்கு முந்திய காலம், வாவியைக் கடக்கப் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகை விட்டால் கதியில்லை. ஒருநாள் விடிய எழும்பி, வாளியைத் தூக்கப்போனவள், "கை விறைச்சுப் போச்சு" என்றாள். பாதை அக்கரையில் நின்றது. அது வந்து சேரும்வரைக்கும் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றோம்.

ஆஸ்பத்திரி எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு இளம் டாக்டர், வெளியூர்ப் பிள்ளை, வகுப்பில் படித்த தமிழ். "கை விறைப்பா அம்மா?" என்று கேட்டார். "ஓம் மனே" என்றாள். அவர் முழங்கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். கை இலகுவாகப் போய்வந்தது. "விறைப்பு இல்லையே" என்று சிரித்து, வாங்கில் இருக்கச் சொன்னார். அவர் படித்த தமிழில் விறைப்பு என்றால் இறுக்கம், கட்டை போல நிற்பது. எங்களுக்கு விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போவது. பல்லுப் பிடுங்க முன் விறைக்க ஊசி போடுகிறார்களே, அந்த விறைப்பு. ஒரு குண்டூசியால் குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மத்தியானம் வாய் கோணியது. பிறகு எல்லோரும் ஓடினார்கள், அந்தப் பொடியனும்தான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். பாரிசவாதம் என்ற சொல்லை அவன்தான் எனக்கு மெதுவாகச் சொன்னான், கண்ணும் கலங்கியிருந்தது.

அம்மா இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். இடக்கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று குசினிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இப்போது சொல்லுங்கள், அவளுக்கா சொல்லத் தெரியவில்லை?

நரம்பியல் டாக்டர் முதலில் தேடுவது கோளாறு எங்கே என்று: மூளையா, முள்ளந்தண்டா, நரம்பா, தசையா. அது என்ன என்பது பிறகு. இரண்டுக்கும் பாதிப் பதில் நோயாளியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். இரத்தக்கட்டி அடைத்த பாரிசவாதத்தில் முதல் சில மணித்தியாலம் சி.டி. படத்தில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்தப் படம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அந்த நாலரையை எங்கிருந்து எண்ணுவது? "கோழி கூவக்குள்ள நல்லாத்தான் இருந்தவ" என்று வீட்டுக்காரர் சொல்கிற இடத்திலிருந்துதான்.

இன்னொரு சொல் பாருங்கள். தலை சுத்துது என்றால் அது மயக்கமாகவும் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம், எந்த ஊர் டாக்டரும் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிரிக்கவேண்டும். எங்கட கிழவி "தலை கிறுகுது மனே" என்பாள். சந்தியில் கிறுகு, வலப்பக்கம் கிறுகு என்கிறோமே, அதே கிறுகல். உலகம் சுழல்கிறது என்று அந்த ஒரு சொல்லிலேயே சொல்லிவிட்டாள். காதின் உட்பக்கத்தையோ சிறுமூளையையோ டாக்டர் நினைக்கவேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவளுக்குப் பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பினால் பிழை யாருடையது?

உங்கள் அக்கா மகனின் அமெரிக்கப் பயிற்சியில் எனக்குப் பொறாமை வருகிற விஷயம் ஒன்றே ஒன்று. கிழமைக்கு அரைநாள் ஒரே கிளினிக், அதே நோயாளிகள், அதே பயிற்சி டாக்டர், வருஷக்கணக்காக. ஒருவர் எப்படிப் பேசுவார், எதைச் சொல்லாமல் விடுவார் என்று பழகிவிடும். எங்கட சனம் கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு புது முகத்துக்கு முதலிலிருந்து சொல்கிறது. அதுவும் சலிக்காமல்.

மகளிடம் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உளைவு, நாரிப்பிடிப்பு, எறும்பு ஊருற மாதிரி, கை ஏலாது, எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதட்டும், பக்கத்தில் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்றும். எனக்கு ஒருநாள் காட்டினால் சந்தோஷம்.

விண்ணப்பம் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். நிறுவகத்தின் இணையதளத்தில் போடுவார்கள், மகளே பார்த்துக்கொள்வாள். டாக்டரான பிள்ளைக்கு நீங்கள் படிவம் நிரப்பவேண்டாம்.