கரிசல் மண்ணில் புல்தரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவில்பட்டிக்கு அருகே புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் முன்புறத்தில் 600 சதுர அடிக்குப் புல்தரை அமைத்தோம். ஒப்பந்தக்காரர் கரிசல் மண்ணின் மேல் 2 அங்குலம் செம்மண் பரப்பி, மெக்சிகன் புல் பாய்களைப் பதித்துக் கொடுத்தார். ஐப்பசி மழையில் நீர் தேங்கிப் பாதிப் புல் அழுகிவிட்டது. எஞ்சியதும் பங்குனி வெயிலில் காய்ந்து, தரை விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. கரிசலை வெட்டியெடுத்து வேறு மண் நிரப்பலாமா, அல்லது மணல் கலந்தால் போதுமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. கரிசலைத் தோண்டிவிட்டு அந்தப் பள்ளத்தில் இளகிய மண்ணை நிரப்பினால், மழைநீர் மேல்மண்ணில் விரைவாக இறங்கி, அடியிலும் பக்கங்களிலும் உள்ள களியைத் தாண்ட வழியின்றித் தொட்டியில் நிற்பது போல் நின்றுவிடும். உங்கள் 2 அங்குலச் செம்மண்ணிலும் நடந்தது இதுதான். இரண்டு மண்ணும் சந்திக்கும் இடத்தில் நீர் தங்கியதால் வேர்களுக்குக் காற்றுக் கிடைக்கவில்லை. கீழே இறங்காத அந்த மேலோட்டமான வேர்களால் கோடையையும் தாங்க முடியவில்லை. மணலைப் பொறுத்தவரை, களியின் தன்மை மாற வேண்டுமானால் இருக்கும் மண்ணைவிட அதிகமான மணலைக் கலக்க வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் கலந்தால், களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு தரை முன்னைவிட இறுகும். எம்-சாண்டில் கல்தூளும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் மோசம்.

கரிசலை நான் குறையுள்ள மண்ணாகக் கருதவில்லை. நீரையும் சத்தையும் நெடுநாள் பிடித்துவைக்கும் வளமான மண் அது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களித்துகள்கள் அதில் மிகுதி என்பதால்தான் வெடிப்பும் நீர்த்தேக்கமும் ஏற்படுகின்றன. ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு: மேலே விழும் நீர் வழிந்தோட வாட்டம் (சரிவு) கொடுப்பது, வேர் மண்டலத்தில் மக்கிய எருவைச் சேர்த்துக் காற்றுக்கு இடம் உண்டாக்குவது.

முதலில் செம்மண்ணையும், கட்டடம் கட்டியபோது புதைந்த சிமென்ட் கட்டிகளையும் ஜல்லியையும் அகற்றுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒவ்வொரு 10 அடிக்கும் 2 அங்குலம் இறங்குமாறு கரிசலையே சமன்செய்யுங்கள். இந்த வாட்டம் புல்லுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் நல்லது. கரிசலில் அடித்தளத்தின் ஓரம் மாறிமாறி நனைந்து காய்வதால்தான் பல வீடுகளில் சுவர் விரிசல் விடுகிறது. பிறகு நன்கு மக்கிய தொழு உரத்தையோ மக்கவைத்த தென்னை நார்க்கழிவையோ 2 அங்குல கனத்துக்குப் பரப்பி, 6 அங்குல ஆழம் வரை மண்ணோடு கொத்திக் கலக்குங்கள். உங்கள் 600 சதுர அடிக்கு இது 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். மக்காத நார்க்கழிவு மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது கொத்துவது என்பதில் அவசரம் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். கயிறு போல் நீண்டால் ஈரம் அதிகம். அப்போது மண்வெட்டியை இறக்கினால் மண் பிசைந்ததுபோலாகி, காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும். அழுத்தினால் உதிர்கிற பதத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மண்ணை இளக்க ஜிப்சம் போடச் சொல்பவர்கள் உண்டு. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. மற்ற களிமண்ணில் போட்டால் பணம்தான் வீண். மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து, களர் தன்மை உறுதியானால் மட்டும் அங்கே சொல்லும் அளவில் இடுங்கள். சுண்ணாம்பு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கரிசலில் அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

புல்லைப் பொறுத்தவரை, உங்கள் ஊருக்கு அருகு இனமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மெக்சிகன் புல் அழகானதுதான். ஆனால் மெதுவாக வளர்வதால் ஓரிடத்தில் பட்டுப்போனால் மீண்டும் மூட நெடுநாள் ஆகும். அருகோ கிடைத்த பக்கமெல்லாம் ஓடி வெடிப்பையும் மூடிக்கொள்ளும். வேருள்ள துண்டுகளை 4 அங்குல இடைவெளியில் ஆடியிலேயே நட்டு நீர் பாய்ச்சி வந்தால், ஐப்பசி மழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். கோரைக் கிழங்குகளை நடுவதற்கு முன்பே பொறுக்கியெடுத்துவிடுங்கள். பிறகு எடுப்பது பெரும்பாடு.

நனைந்த களிமண் மணிக்கு 5 மில்லிமீட்டர் நீரைக்கூட உள்வாங்காது. எனவே நீர் வழியத் தொடங்கியதும் குழாயை மூடி, அரை மணி நேரம் கழித்து மறுபடி திறந்துவிடுங்கள். நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். 6 அங்குலம் எளிதாக இறங்கினால் அன்றைக்குப் போதும். வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை, ஈரம் மிதமாக இருக்கும்போது தோட்டவேலைக்கான பெரிய முள்கரண்டியால் தரை முழுவதும் துளையிட்டு, சலித்த எருவைக் கால் அங்குலம் தூவிக் கூட்டிவிடுங்கள். வெடிப்பு விழுந்தால் அதிலும் எருவையே நிரப்புங்கள்.

கேள்வி: புல்தரை ஓரத்தில் வைத்த இட்லிப்பூச் செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. உரம் போட்டும் பயனில்லை. எங்கள் மண்ணில் சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) கிடக்கின்றன.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த இடத்தில் இட்லிப்பூவின் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, உடனடியாக மாலை வேளையில் இலைகளில் தெளியுங்கள்; இரு வாரத்துக்கு ஒரு முறை, புதுத் தளிர் பச்சையாக வரும்வரை தொடருங்கள். டைல்ஸிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை போகாது. புதிதாக வைப்பதானால் அந்த இடத்துக்கு அரளியையோ மருதாணியையோ தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புல்தரைக்கு நிழல் வேண்டி, வீட்டுச் சுவரிலிருந்து 6 அடியில் வேப்பங்கன்று வைக்கலாமா?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: கரிசலில் வேண்டாம். கோடையில் வேப்பமரம் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கி, அடித்தளம் ஒரு பக்கமாக இறங்கக்கூடும். மரம் வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு தூரம் தள்ளி வைப்பதே பாதுகாப்பு. அடர்ந்த நிழலில் அருகும் வளராது. மனை சிறியதென்றால் சுவரோரம் நந்தியாவட்டை போன்ற குறுஞ்செடியை வைத்துக்கொள்ளுங்கள்.