பொறுமையும் பாதி ஜக் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். "இவர்களோடு இருந்தால் பொறுமை தானாக வரும்" என்கிறார்கள் எல்லோரும். எனக்கோ இருந்ததும் போய்விட்டது. தண்ணீர் ஊற்றச் சொன்னால் கொட்டுகிறார்கள். கேள்வி கேட்டால் பதில் இல்லை. இவர்களிடம் பெரியவர்கள் கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? எழுத்துகளை இப்போதே சொல்லித் தரலாமா?

வி.

அன்புள்ள வி.,

எழுத்து எங்கும் ஓடிவிடாது. தண்ணீருக்கு வருவோம்.

"கொட்டுகிறார்கள்" என்கிறீர்கள். எந்த ஜக், எவ்வளவு தண்ணீர் என்று எழுதவில்லையே! ஒரு லிட்டர் ஜக் நிறைந்திருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். 15 கிலோ பிள்ளை அதைத் தூக்குவதும் 60 கிலோ ஆள் நாலு கிலோ பாத்திரத்தைத் தூக்கிச் சிந்தாமல் சாய்ப்பதும் ஒன்றுதான். நீங்கள் சாய்த்துப் பாருங்கள்.

250 மில்லி பிடிக்கும், மூக்கு வைத்த சிறு ஜக் போதும். அதிலும் பாதிதான் நிரப்ப வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் சாய்த்ததுமே குபுக்கென்று விழும். தம்ளர் உள்ளே தெரிவதாக, அடி கனமாக இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் என்றால் ஜக்கின் மூக்கு பட்டதுமே கவிழும். தம்ளரைச் சுற்றி ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள். முதல் சில நாள், ஜக்கை அப்படியே கவிழ்த்தாலும் தண்ணீர் அந்தக் கோட்டோடு நிற்கும்படி அளந்து வையுங்கள். எல்லாம் விளிம்புள்ள ஒரு தட்டில். பக்கத்தில் பிள்ளையின் கைக்கு அடங்கும்படி வெட்டிய ஸ்பாஞ்ச், ஒரு கிண்ணம்.

செய்து காட்டும்போது தயவுசெய்து பேசாதீர்கள். பேசினால் பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், கையைக் கோட்டைவிடும். ஒரு கை பிடியில், மறு கை மூக்குக்குக் கீழே. மெதுவாக, அவ்வளவுதான்.

கொட்டினால் "ஐயோ" வேண்டாம். ஸ்பாஞ்சைத் தொட்டுக் காட்டுங்கள். வைத்து, அழுத்தி, கிண்ணத்தில் பிழிய வேண்டும். சிலருக்கு ஊற்றுவதைவிடப் பிழிவதுதான் பிடிக்கும், அதற்காகவே கொட்டுவார்கள். கோபிக்காமல் பிழியும் வேலையைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

இதில் பொறுமைக்கு எங்கே வேலை? ஏற்பாட்டில் கோணல் இருக்கும் இடத்தில்தான் ஆளுக்கு ஆள் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்தவர் கையில் எத்தனை லிட்டர் ஜக்கைக் கொடுத்துவிட்டு "கவனமே இல்லை" என்று சலித்துக்கொண்டீர்கள்? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பதில் சொல்வதில்லை என்ற புகாரும் இதே கதைதான். கேட்டுவிட்டு எத்தனை விநாடி நின்றீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பள்ளி வகுப்பறைகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது மாணவர்களின் பதில்களும் நீண்டன. உங்கள் பிள்ளைகள் அவர்களைவிடச் சின்னவர்கள். முட்டி போட்டுக் கண்மட்டத்துக்கு வந்து கேளுங்கள். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். நடுவில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்காதீர்கள். அது பிள்ளைக்குப் புதுக் கேள்வி, பாவம், முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கும்.

சிலசமயம் வரும் பதில் உங்கள் கேள்விக்கானதாக இருக்காது. "படத்தில் பூனை எங்கே ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டிருப்பீர்கள். "என் செருப்பு புதுசு" என்பாள். செருப்பைப் பாருங்கள்.