ஐரிஷ் முன்னோரின் குடும்பப் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறினால் எப்படித் தேடுவது?

ஆஸ்திரேலியாவுக்கு வந்த உங்கள் கணவரின் ஐரிஷ் கொள்ளுத்தாத்தா, ஓர் ஆவணத்தில் 'ஓ' என்ற முன்னொட்டோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் வருகிறார். இருவரும் ஒருவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவராகவே இருக்கலாம். எழுத்து வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த ஆவணத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

என் மனைவியின் தாய்வழி முன்னோர் அயர்லாந்தின் டொனிகல் கவுண்டியின் (மாவட்டத்தின்) வடகோடியில் உள்ள இனிஷோவன் தீபகற்பத்து டோஹர்ட்டிகள். அந்தப் பெயரைத் தேடித்தான் இவற்றைக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலேய ஆட்சி இறுகிய 17, 18ஆம் நூற்றாண்டுகளில் 'ஓ', 'மெக்' முன்னொட்டுகள் பரவலாக உதிர்ந்துபோயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியோடு பலர் அவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் தாத்தா டோஹர்ட்டியாகவும் பேரன் ஓ'டோஹர்ட்டியாகவும் இருப்பதில் வியப்பில்லை. கடல் கடந்தபோது இன்னும் மாறியது: அமெரிக்காவில் 'எச்'சுக்கு முன்னால் 'யூ', 'ஜி' நுழைந்தன, ஸ்காட்லாந்தில் 'சி' நுழைந்தது.

இவற்றில் எது சரியான எழுத்து என்று ஆராய்வது வீண். யார் எழுதியது என்று பாருங்கள். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் போலீஸ் கான்ஸ்டபிள்கள். படிவத்தில் எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒரு பத்தி உண்டு. குடும்பத் தலைவருக்கு நேரே 'தெரியாது' என்றிருந்தால், நீங்கள் பார்ப்பது அநேகமாக வேறொருவர் காதில் விழுந்த பெயர். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற கதையையும் நம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் இடத்திலேயே தயாராகிவிடும்.

ஒலியே மாறிவிட்டால்தான் உண்மையான சிக்கல். அயர்லாந்தின் கேவன் பகுதியில் மெக்கோவன்கள் பலர் ஸ்மித் ஆனார்கள். மெக்கோவன் என்றால் ஐரிஷ் மொழியில் கொல்லனின் மகன்; ஸ்மித் என்றால் ஆங்கிலத்தில் கொல்லன். ஒலியை வைத்துத் தேடும் எந்தக் கணினியும் இதைப் பிடிக்காது. ஒரே குடும்பம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய இத்தகைய பெயர்களை, பதிவுத்துறைத் தலைவர் ராபர்ட் மேத்சன் தொகுத்து 1901இல் வெளியிட்டார். முதலில் அதைப் புரட்டுங்கள்.

பெயரை விட ஊரைப் பிடிப்பதுதான் வழி. ஊர் என்றால் 'டவுன்லேண்ட்'. சில வயல்களும் வீடுகளும் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு. அது தெரிந்துவிட்டால், 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கான இணையதளத்தில் பெயரைத் தட்டாமல் அந்த ஊரின் எல்லா வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் அழிந்தது. அடுத்த நான்கை அரசே அழித்துவிட்டது. இந்த இழப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதனால் அந்தக் காலத்துக்கு இருப்பதில் சிறந்தது, நிலமும் வீடும் யார் வசம் இருந்தன என்று வரிக்காகப் பட்டியலிட்ட 1847-1864 கால கிரிஃபித் நில மதிப்பீடு. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், தந்தை பெயரையோ தலைமுடி நிறத்தையோ அதில் சேர்த்து எழுதியிருப்பார்கள். கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவுகளில் ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயர் எழுத்து மாறினாலும், அதே ஞானப்பெற்றோரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அடுத்த குழந்தையின் பதிவிலும் வந்தால் குடும்பம் ஒன்றே. இந்தப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

ஊர் தெரியாவிட்டால் அயர்லாந்துப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1853 முதல் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை ஆண்டுகள் என்பதெல்லாம் கேட்டு எழுதினார்கள். கொள்ளுத்தாத்தா அங்கே இறந்திருந்தால் அவருடைய சான்றிதழையும், அவருடன் பிறந்தவர்களின் சான்றிதழ்களையும் வாங்குங்கள். ஒன்றில் கவுண்டி மட்டும் இருந்தாலும் மற்றொன்றில் ஊர் இருக்கக்கூடும்.