போட்டோ எடிட்டிங் படிக்க ஆசைப்படும் மகளுக்கு: மென்பொருளுக்கு முன்னால் கண்

மகள் எந்நேரமும் போட்டோ எடிட்டிங்கிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், இதை நம்பி மேற்படிப்பில் சேர்க்கலாமா என்று பயத்தோடு கேட்டிருக்கிறீர்கள். பின்னணியை நீக்குவது, முகப்பருவை மறைப்பது போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் முடித்துவிடுகிறது. அவ்வளவுதான் அவள் கற்கப்போகிறாள் என்றால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றால் இந்தத் துறை மிகப் பெரியது.

நம் கண் வெளிச்சத்தை அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயம் மங்கலாக இருப்பதாகப் புகார் வந்தபோது, வேதியியலாளர் ஷெவ்ரோல் ஆராய்ந்து பார்த்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருந்தது. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். பின்னணியைக் கருமையாக்கினால் முகம் தானாகப் பளிச்சிடுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்று: விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தை மட்டும் திருப்பும் சாம்பல் நிறம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பதாக நமக்குத் தெரிகிறது. இருண்ட பகுதியில் சிறு மாற்றமும் கண்ணில் படும், வெளிச்சப் பகுதியில் அதே அளவு மாற்றம் தெரியாது. படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் திருத்தும் கோடான கர்வ்ஸை எங்கே வளைப்பது என்று முடிவு செய்ய இந்த அறிவு வேண்டும். ஜேபெக் (JPEG) படக் கோப்பு சிறிதாவதும் இப்படித்தான்: நிற நுணுக்கத்தைக் கண் அதிகம் கவனிக்காது என்பதால், பெரும்பாலும் அதைக் குறைத்து, ஒளி நுணுக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு சினிமா காட்சிகளின் நிறத்தைச் சீராக்கும் கலர் கிரேடிங், அச்சுக்கு முந்தைய நிறத் திருத்தம், போன் கேமராக்களின் பட மேம்பாடு, மருத்துவப் படங்கள் எனப் பல வாசல்கள் உண்டு. கணிதமும் இயற்பியலும் பிடித்திருந்தால் கணினியால் படங்களை ஆராய்ந்து மேம்படுத்தும் இமேஜ் பிராசஸிங் பக்கம் போகட்டும். என் கணிப்பில் அதுவே உறுதியான வழி. இல்லையென்றால் காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்), கூடவே உளவியலில் புலனறிவுப் பாடம்.

சேர்ப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் நிறப் பார்வைக் குறையைக் கண்டறியும் இஷிஹாரா பரிசோதனை செய்துவிடுங்கள். குறை இருந்தாலும் கதவு மூடிவிடாது. கறுப்பு வெள்ளைப் பணி, மென்பொருள் உருவாக்கம் எல்லாம் திறந்தே இருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் பாதையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அவள் திருத்திய படம் ஒன்றை எடுத்து, "இங்கே ஏன் இருட்டாக்கினாய்?" என்று கேளுங்கள். பார்ப்பவர் கண் எங்கே போகும் என்று விளக்கினால் தயங்காமல் சேருங்கள். "வீடியோவில் சொன்னார்கள்" என்று மட்டும் பதில் வந்தால், பணம் கட்டுவதைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.