மனச்சோர்வும் கையிலிருக்கும் போனும்: கேட்டவர்களுக்குப் பதில்

நான் டாக்டர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஒன்பது வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டையும் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: ராத்திரி இரண்டு மணி வரை ரீல்ஸ். போனை விற்றுவிடலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

என்னிடம் விற்றால் நல்ல விலை தருகிறேன்! சும்மா சொன்னேன், விற்க வேண்டாம். தூக்கம் கெடுவது இந்த நோயின் குணம். போன் அதை இன்னும் கெடுக்கிறது. என் சார்ஜர் இப்போது சமையலறையில், மிக்ஸி பிளக்கில். அலாரத்துக்குத் தனியாக டைம்பீஸ். முதல் மூன்று நாள் எழுந்துபோய் மிக்ஸி பக்கத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். அப்புறம் கால் வலித்தது.

கே: வாட்ஸ்அப்பில் யாருக்கும் பதில் போட முடியவில்லை. திமிர் என்கிறார்கள்.

நீல டிக்கை அணைத்துவிடுங்கள். குடும்பக் குரூப்பை ஆர்க்கைவில் போடுங்கள். ஆனால் ஒரே ஒரு ஆளையாவது விட்டுவைக்க வேண்டும். எனக்கு அக்கா. வெறும் ஒரு புள்ளி அனுப்பினால் இன்றைக்கு மோசம் என்று அர்த்தம். அவள் எதுவும் கேட்க மாட்டாள். சாயந்திரம் ரசத் தூக்கோடு வாசலில் நிற்பாள். எழுத வார்த்தை வராத நாளில் ஒரு புள்ளி வைக்க முடிகிறது.

கே: நெட்டில் ஒன்பது கேள்வி டெஸ்ட் எழுதினேன், 17 வந்தது. பயமாக இருக்கிறது. (லாஸ்பேட்டை)

அது பிஹெச்க்யூ-9, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், அதிகபட்ச மதிப்பெண் 27. பத்து வந்தாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது, 17க்குத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு கோரிமேடு ஜிப்மர் பக்கம்தான், மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு எதைத் தொட்டிருந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416க்கு இப்போதே பேசுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலேயே, காசில்லாமல்.

கே: மாத்திரை பத்து நாளாகிறது, ஒன்றும் தெரியவில்லை. யூடியூபில் நிறுத்தச் சொல்கிறார்கள்.

பலன் தெரியவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரலாம். சந்தேகத்தை எழுதி வைத்து உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கே: ஸ்டெப் ஆப்பில் 10,000 வரவே மாட்டேன் என்கிறது.

ஆப்பை எடுத்துவிடுங்கள். மோசமான நாளில் நான் தெருமுனை டீக்கடை வரைதான் போவேன். நன்றாக இருந்தால் தேவனாம்பட்டினம் கடற்கரை. போனுக்கு அன்று மிக்ஸி பக்கத்தில் ஓய்வு.