தொளியில் இறங்கிய கிட்டார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான மெல்வின்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்களின் ‘ஹூடினி’ தொகுப்பைக் கேட்டேன். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். டீசல் எஞ்சின் மேட்டில் திணறுவது போல இருக்கிறது. நாற்பது வருடமாக இதையேவா வாசிக்கிறார்கள்?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

எஞ்சின் என்றது சரிதான். மதுரையில் என் வீட்டில் அது ஓடியபோது கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, “தம்பி, மோட்டாரை நிறுத்தலையா?” என்றார்.

இவர்கள் வாசிக்கும் கனத்த, மெதுவான ராக் வகைக்கு ஸ்லட்ஜ் என்று பெயர். ஸ்லட்ஜ் என்றால் சேறு. சோழவந்தான் பக்கம் நடவுக்கு அடித்த தொளியில் இறங்கியிருப்பீர்கள். காலை வைப்பது சுலபம், உருவுவதுதான் பாடு. இவர்கள் கிட்டார் கம்பியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்குவார்கள். ஓர் அடி விழும். அதன் அதிர்வு அடங்கும்வரை அடுத்த அடி வராது. அந்த இடைவெளியில்தான் கனம் இருக்கிறது.

1983இல் வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் வாசிக்கும் குழுவாகத்தான் தொடங்கினார்கள். மறு வருடம் பிளாக் ஃபிளாக் என்ற இன்னொரு பங்க் குழுவின் ‘மை வார்’ இசைத்தட்டு வந்தது. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஊர்ந்து போகும். அதைக் கேட்டபின் இவர்களும் வேகத்தை விட்டார்கள். அதே வருடம் டிரம்ஸுக்கு டேல் குரோவர் வந்தார். பாடகர் பஸ் ஆஸ்போர்னும் அவரும் இன்றுவரை நிலை. பேஸ் என்ற அடிச்சுருதி கிட்டார் வாசிப்பவர்தான் மாறிக்கொண்டே இருப்பார்!

1993இல் ‘ஹூடினி’யைப் பெரிய கம்பெனி வெளியிட்டது. தயாரிப்பில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பெயரும் இருந்தது. மூன்று தொகுப்போடு கம்பெனி கழற்றிவிட்டது. இவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. 2006இல் இரண்டு டிரம்ஸ் வைத்து வாசித்தார்கள். 2012இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் தலைநகரிலும் 51 நாளில் 51 கச்சேரி. ஆகவே ‘இதையே’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் உறுமிக்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார். காதுக்கு முன்னால் வயிறு கேட்கும். விடியவிடிய அதையே வாசித்தாலும் ‘இதையேவா’ என்று யாரும் கேட்பதில்லை.

1991இல் வந்த ‘புல்ஹெட்’ தொகுப்பின் முதல் பாட்டு ‘போரிஸ்’. ஜப்பானில் ஒரு குழு தனக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. மெல்வின்ஸின் அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். செல்போனில் வேண்டாம், அடிச்சத்தமே வராது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ஒரு பெட்டி வாங்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.