மருந்து கொடுக்கும் ரோபோ என்றால் என்ன? வெறும் அலாரம் போதாதா?

மாத்திரைகளை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் கூப்பிட்டு, அந்த வேளைக்குரியதை மட்டும் வெளியே தரும் இயந்திரம்தான் இது. அலாரம் அடிக்கும், அணைத்துவிடுவோம், மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயுள்ளவர்களில் சுமார் 50 சதவீதம் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பின் 2003 அறிக்கை சொல்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், ஒரு வேளை விட்டுப்போவதைவிட அதிகம் பயப்பட வேண்டியது, போட்டதை மறந்து இன்னொரு முறை போடுவதுதான்: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் அளவு கூடினால் உள்ளேயே ரத்தக்கசிவு ஏற்படலாம், சில சர்க்கரை மாத்திரைகள் இரட்டிப்பானால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பூட்டு உதவுவது இங்கேதான். ஏடிஎம்மில் பணம் முழுக்க உள்ளே இருந்தாலும் ஒரு தொகைதான் வெளியே வரும், எடுத்ததற்குக் கணக்கும் இருக்கும் இல்லையா, அப்படி. எடுக்காமல் விட்டால் சில ரோபோக்கள் வீட்டாரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை ரோபோவே முடிவு செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மருத்துவர் எழுதியதை ஒரு மனிதர்தான் அதில் நிரப்புகிறார், அவர் மாற்றி நிரப்பிவிட்டால் தப்பான மாத்திரையைத்தான் அது சரியான நேரத்துக்குத் தரும்.